காவிரியிலிருந்து கிள்ளான் ஆற்றுக்கு

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அவ்வாறு கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்களிலும் பள்ளிகள் எழுந்தன. எழுத்தும் எண்ணும் கற்பித்தனர். பாடநூல்களோ பெரும்பாலும் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தன. ரப்பர்க் காட்டில் வளர்ந்த பிள்ளை காவிரியை ஏட்டில் அறிந்தது; பிரிக்பீல்ட்ஸ் அருகே ஓடிக் கிள்ளானை அடையும் ஆற்றை ஏட்டில் காணவில்லை.

1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை எல்லா மொழிப் பள்ளிகளுக்கும் பொதுப் பாடத்திட்டத்தை வற்புறுத்தியது. அதன்பின் மலாயாவின் மண்ணும் மக்களும் தமிழ்ப் பாடநூலுள் இடம்பெற்றனர். 2014 முதல், நான்காம் ஆண்டிலிருந்தே வரலாறு தனிப்பாடமாயிற்று. பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப்பள்ளி மாணவரும், கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி மாணவரும் மலாக்கா சுல்தானகத்தையும், 1957இல் பெற்ற விடுதலையையும், 1963இல் மலேசியா உருவானதையும் கற்கின்றனர்.

ஆயினும் தமிழ்வழிக் கல்வி ஆறாம் ஆண்டோடு நிறைவுறுகிறது. இடைநிலைப் பள்ளியில் வரலாறு மலாய்மொழிப் பாடமாகிறது. எனவே நாட்டு வரலாற்றைத் தாய்மொழியில் பயிலும் காலம் மூன்றாண்டுகளே. காடழித்துத் தோட்டம் கண்ட பாட்டன்மாரின் கதையும் அந்த மூன்றாண்டுக்குள் பிள்ளையின் செவியில் விழவேண்டும். ஏடு சுருக்கிச் சொல்வதை விரித்துரைப்பது ஆசிரியர் கடன். இல்லத்துப் பெரியோர் கடனும் அதுவே.