ரோனன் பாயிண்ட்: இணைப்புகளின் கதை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் வீட்டுப் பஞ்சம் நீடித்தது. தேர்ந்த கொத்தனார்களுக்கும் தட்டுப்பாடு. சுவர்களையும் தளங்களையும் ஆலையில் கான்கிரீட்டில் வார்த்து, களத்தில் கிரேன் கொண்டு அடுக்கும் முறை அந்நாளில் ஒரு வரமாகத் தோன்றியது. 1956ஆம் ஆண்டுச் சட்டமோ மாடிகள் உயர உயர அரசு மானியத்தையும் உயர்த்தியது.

கிழக்கு லண்டனில் உள்ளாட்சி மன்றம் எழுப்பிய ரோனன் பாயிண்ட் அத்தகைய 22 மாடிக் குடியிருப்பு. திறந்து இரண்டே மாதம். 1968 மே 16 அன்று விடியற்காலையில், 18ஆம் மாடியில் ஒரு பெண்மணி தேநீருக்காக அடுப்பைப் பற்றவைத்தார். கசிந்திருந்த எரிவாயு வெடித்தது. சுமைதாங்கும் வெளிச்சுவர் பெயர்ந்தது; மேல்மாடிகள் சரிந்தன; அவற்றின் எடையில் கீழ்மாடிகளும் நொறுங்க, கட்டடத்தின் ஒரு மூலையே இல்லாமற் போயிற்று. நால்வர் மாண்டனர், அப்பெண்மணி பிழைத்தார்.

ஓரிடத்துச் சேதம் கட்டடம் முழுவதும் பரவலாகாது என்று 1970இல் விதிகள் திருத்தப்பட்டன. ரோனன் பாயிண்டையோ வலுப்படுத்தி, மீண்டும் மக்களைக் குடியமர்த்தினர். கட்டடக் கலைஞர் சாம் வெப் போன்றோர் விடாது எச்சரித்த பிறகே 1986இல் அது பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டது. அப்போதுதான் தெரிந்தது: சாந்து நிரம்பியிருக்க வேண்டிய இணைப்புகள் சிலவற்றில் செய்தித்தாள் திணிக்கப்பட்டிருந்தது.

பலகைகளை ஆலை செய்தது. இணைப்புகளோ, அவசரத்தில் இயங்கிய களத்தின் கைகளுக்கே விடப்பட்டிருந்தன. அவற்றைச் சரிபார்க்கும் பொறுப்பை ஏற்க ஆளில்லாதபோது, வேறு வீடு தேடிக்கொள்ள வசதியற்றவர்களே அச்சுவர்களுக்குள் உறங்கினார்கள்.