பாரம் தூக்கும் ட்ரோன்கள்: வாங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

இறுதி யுத்த காலத்தில் வன்னியில் இருந்தவர்களுக்கு 'வண்டு' என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. தலைக்கு மேலே அந்த இரைச்சல் கேட்டால், அடுத்து எறிகணை வருமோ கிபிர் வருமோ என்று பங்கருக்குள் ஓடிய மக்கள் நாங்கள். இன்று இலங்கையின் நெல் வயல்களுக்கு மேலே பறக்கும் ட்ரோன்கள் கிருமிநாசினி தெளிக்கின்றன, பசளை வீசுகின்றன. கமக்காரர் அமைப்புகளும் இளைஞர்களும் லீசிங்கிலோ, வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் பணத்திலோ இவற்றை வாங்க யோசிக்கிறார்கள். பல இலட்சம் ரூபா போடும் விடயம் இது. பிழையான இயந்திரத்தை வாங்கினால் கடன் மட்டுமே மிஞ்சும்.

முதலில் வேலையைத் தீர்மானியுங்கள்

பாரம் தூக்கும் ட்ரோன்கள் எல்லாம் ஒன்றல்ல. தெளிப்பதற்கும் வீசுவதற்கும் செய்யப்பட்டவை ஒரு வகை. பொதி காவுவதற்குச் செய்யப்பட்டவை இன்னொரு வகை. ஒன்றின் வேலையை மற்றொன்று ஒழுங்காகச் செய்யாது.

பொதி காவும் வகைக்கு டிஜேஐ நிறுவனத்தின் பிளைகார்ட் 30 நல்ல உதாரணம். இரண்டு பற்றரிகளுடன் 30 கிலோவைச் சுமந்து 16 கிலோமீற்றர் வரை பறக்கும். ஒரு பற்றரியுடன் 40 கிலோ தூக்கும். ஆனால் தூரம் பாதியாகிவிடும். 2024 ஏப்ரலில் எவரெஸ்ட் அடிவார முகாமிலிருந்து முதலாம் முகாமுக்கு 15 கிலோ பொருட்களை இது கொண்டுசென்றது. ஆனால் 16 கிலோமீற்றர் என்பது முழுப் பயணத்துக்கான கணக்கு. கடலைத் தாண்டித் தீவுக்குப் போவதானால், திரும்பி வரும் தூரத்தையும் எதிர்க்காற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எங்கள் பகுதிகளில் இப்போதைக்கு வருமானம் தரக்கூடியது தெளிக்கும் வகைதான்.

சிறியதா, பெரியதா?

டிஜேஐயின் அக்ராஸ் ரி25 20 லீற்றர் தெளிக்கும்; பசளை என்றால் 25 கிலோ. அக்ராஸ் ரி50 40 லீற்றர் தெளிக்கும். பசளை 50 கிலோ. எக்ஸ்ஏஜி நிறுவனத்தின் பி100 புரோவும் ஏறத்தாழ இந்தப் பெரிய அளவுதான்.

ஏக்கருக்கு 10 லீற்றர் என்று வைத்தால், ரி25 ஒரு தடவையில் இரண்டு ஏக்கரும் ரி50 நான்கு ஏக்கரும் முடிக்கும். பசளையில், பெரியது ஒரு 50 கிலோ மூடையை ஒரே தடவையில் கொண்டுபோகும். சிறியதற்கு இரண்டு தடவை வேண்டும்.

ஆனால் பாரத்தையும் பாருங்கள். ரி25 பற்றரியுடன் சுமார் 32 கிலோ; ரி50 சுமார் 52 கிலோ. பெரியதை வரம்பில் இறக்கி ஏற்ற இரண்டு பேரும் ஒரு வாகனமும் வேண்டும். இரண்டு ஏக்கர் துண்டுகள், நடுவே பனை, மின்கம்பி என்று இருக்கும் இடங்களுக்குச் சிறியதே வசதி. அடுத்தடுத்துப் பரந்த வயல்களாக இருந்தால் பெரியது.

பற்றரியும் மின்சாரமும்

விற்பவர்கள் அதிகம் பேசாத விடயம் இது. முழுப் பாரத்துடன் ரி50 ஒரே இடத்தில் நிற்கக்கூடியது சுமார் ஏழு நிமிடம். பற்றரியை 9 முதல் 12 நிமிடத்தில் ஏற்றலாம் என்பது உண்மை. ஆனால் அதற்குப் பெரிய மின்பிறப்பாக்கி வேண்டும். வீட்டுக்கு வரும் 30 அம்பியர் இணைப்பு முழுவதையும் கொடுத்தாலும் 7 கிலோவாற்றைத் தாண்டாது. வயலில் அதுவும் கிடையாது. ஆகவே ட்ரோனின் விலையோடு மூன்று பற்றரிகள், சார்ஜர், மின்பிறப்பாக்கி, அதற்கான பெற்றோல் எல்லாவற்றையும் கூட்டியே விலை கேளுங்கள். பற்றரி தேயும் பொருள். சில வருடங்களில் மாற்ற வேண்டிவரும்.

காற்று

அக்ராஸ் ட்ரோன்களுக்குக் காற்று வினாடிக்கு 6 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. சோளகம் வீசும் நாட்களில் விடியற்காலையும் மாலையும்தான் வேலை நடக்கும். களைநாசினி பக்கத்துத் தோட்டத்துக்குப் பறந்தால் வரும் பிணக்கும் நட்டஈடும் உங்களுடையது.

அனுமதி

சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளில் 25 கிலோவுக்கு மேற்பட்டவை மிக உயர்ந்த வகுப்பில் அடங்கும். சிறியதை வாங்கினால் அனுமதி இலகு என்பது பிழை. மருந்து நிரப்பிய ரி25 கூட 50 கிலோவைத் தாண்டும். பதிவுடன் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும், இறக்குமதிக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியும் தேவை. முற்பணம் கொடுக்க முன்னர் இவற்றை எழுத்தில் பெறுங்கள். முகாம்கள் நிறைந்த எங்கள் பகுதியில் வாய்ப் பேச்சு அனுமதியை நம்பிப் பறக்கவிடுவது ஆபத்து.

கண்ணிவெடி

இலங்கை 2017 டிசம்பரில் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. ஹலோ ட்ரஸ்ட், மக் போன்ற நிறுவனங்கள் நீண்ட காலமாக வடக்கில் கண்ணிவெடி அகற்றி வருகின்றன. இருந்தும், சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிற்கும் காணிகளுக்கு அருகில் வயல் செய்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே ட்ரோன் விழுந்தால், எத்தனை இலட்சம் பெறுமதியானாலும் எடுக்கப் போகாதீர்கள். பொலிஸாருக்கோ கண்ணிவெடி அகற்றுபவர்களுக்கோ அறிவியுங்கள். தெளிக்கும் பாதையைத் திட்டமிடும்போதே அந்த எல்லையிலிருந்து நன்கு விலகி நில்லுங்கள்.

கணக்குப் பார்க்கும் முறை

ஏக்கருக்கான கூலியிலிருந்து எரிபொருள், ஆட்கூலி, பற்றரித் தேய்மானத்தைக் கழியுங்கள். மிஞ்சும் தொகையால் ஓராண்டுத் தவணையை வகுத்தால், வருடத்துக்கு எத்தனை ஏக்கர் தெளிக்க வேண்டும் என்பது தெரியும். காலபோகம், சிறுபோகம் இரண்டிலும் அத்தனை ஏக்கர் உங்கள் சுற்றாடலில் கிடைக்குமா? இல்லையெனில் தனியாக வாங்காதீர்கள். சங்கமாகச் சேர்ந்து வாங்குங்கள். உதிரிப்பாகமும் திருத்துநரும் எங்கே என்றும் கேளுங்கள். கொழும்புக்கு அனுப்பித் திருத்தி வருவதற்குள் போகம் முடிந்துவிடும்.

16 லீற்றர் தெளிகருவியை முதுகில் சுமந்து சேற்றில் நடக்க, கால் இழந்தவராலும் உடலில் எறிகணைச் சிதறலோடு வாழ்பவராலும் முடியாது. வரம்பில் இருந்தபடி ட்ரோனை இயக்க அவர்களால் முடியும். அதேவேளை, மருந்தடிக்கும் கூலியில் சீவிப்பவர்களின் உழைப்பை இந்த இயந்திரம் பறிக்கவும் கூடும். வாங்கும் சங்கங்கள் இந்த இரு தரப்பினருக்கும் முதலில் பயிற்சி கொடுக்க வேண்டும்.