பினாங்கில் ஒரு வெண்பாக் கணக்கு

1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கைக் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் வசமாக்கிய பிறகு, சோழமண்டலக் கரையிலிருந்து பாய்மரமேறிச் சென்று ஜார்ஜ் டவுனின் சூலியா தெருவில் வியாபாரம் செய்தவர்கள், அங்கே நாகூர் ஆண்டவர் பெயரால் ஒரு தர்கா எழுப்பிக்கொண்டதைப் பலரும் அறிவர். அதே நாகூரில் பிறந்த வித்துவான் குலாம் காதிறு நாவலர் (1833–1908) பினாங்கில் ‘வித்தியா விசாரிணி’ என்னும் பத்திரிகையை நடத்தியவர் என்பதை அறிந்தவர் சிலரே. பின்னாளில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் புலவராகவும் விளங்கிய அவர், யாப்பைப் பழுதறக் கற்றவர்.

அந்த யாப்போ, வாய்பாடு என்ற வேஷத்தில் வந்த ஒரு கணிதமே. தொல்காப்பியர் கூறிய நேர்பு, நிரைபு என்னும் அசைகளைப் பின்வந்தோர் கைவிட, நேர், நிரை என்ற இரண்டே எஞ்சின. இரண்டை ஈரிடத்தில் நிறுத்தினால் தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என நான்கு, மூவிடத்தில் எட்டு, நாலிடத்தில் பதினாறு, ஓரசைச்சீர் இரண்டையும் கூட்டினால் முப்பது. அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகையை மனனம் செய்த பிள்ளைகள், தாம் இரட்டிப்புக் கணக்கு ஒப்பிக்கிறோம் என்று எண்ணியிருக்கமாட்டார்கள். வடமொழியாளர் குரு, லகுக்களை இவ்வாறே வரிசைப்படுத்திப் பார்த்து, அதற்குப் பிரஸ்தாரம் என்று பெயருமிட்டார்கள். பிங்கலர் தொடங்கிய அவ்விசாரணையில், பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஹேமசந்திரர், இரு முந்தைய எண்களைக் கூட்டி அடுத்த எண்ணைப் பெறும் தொடரை, 1202-இல் நூல் எழுதிய பைசா நகரத்து லியோனார்டோவுக்கு முன்னரே கூறிவிட்டார். நம்மவர் பெயரிட்டதோடு நின்று, எண்ணுவதில் அத்தனை சிரத்தை காட்டவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

நாமே எண்ணிப் பார்க்கலாம். வெண்பாவில் மாவின்பின் நிரையும், விளத்தின்பின்னும், நேரில் முடியும் மூவசைச்சீராகிய காயின்பின்னும் நேரும் வரவேண்டும்; சீர்களின் இந்த இணைப்பே தளை. நாகூர் தேமா, பினாங்கு புளிமா. ஆகையால் ‘நாகூர் பினாங்கு’ என்று பாடினால் தளை பொருந்தும், ‘பினாங்கு நாகூர்’ என்று திருப்பினால் தட்டும். ஈற்றுச்சீராக வைத்தாலோ, குற்றியலுகரத்தில் முடிவதால், அதே பினாங்கு ‘பிறப்பு’ என்னும் வாய்பாட்டில் அமையும்.

ஏழு சீர்கொண்ட குறள் வெண்பாவில், முதற்சீருக்கு மா, விளம், காய் வகைகளில் எட்டு வழி. இரண்டு முதல் ஆறு வரையுள்ள ஒவ்வொரு சீருக்கும், தளை பாதியை விலக்கிவிடுவதால், நான்கு. ஈற்றுச்சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கில், அதே காரணத்தால், இரண்டு. பெருக்கினால் 16,384. திருக்குறள் 1,330-ம் வெவ்வேறு அமைப்பில் இருந்தனவென்றே வைத்துக்கொண்டாலும், இதில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் குறைவு. பதினைந்து சீர்கொண்ட நேரிசை வெண்பாவுக்கோ கணக்கு நூற்றேழு கோடியைத் தாண்டுகிறது. எதுகையையும் மோனையையும் இன்னும் கேட்கவே இல்லை.