பொம்மைக் கடையில் எழுதிய தலையெழுத்து

வைணவர்கள் திருநாராயணபுரம் என்று போற்றும் மேல்கோட்டையில் ராமானுஜர் சில ஆண்டுகள் தங்கியிருந்தார். அந்த வரலாற்றில் ஒரு சிறுமியும் வருகிறாள். படையெடுப்பில் தில்லிக்குப் போய்விட்ட உற்சவர் ராமப்ரியனின் திருமேனியைச் சுல்தானின் மகள் தன் அறையில் வைத்து, கொஞ்சி விளையாடி வந்தாள் என்பது வழிவழியாக வரும் செய்தி. ராமானுஜர் தில்லிவரை சென்று, செல்வப்பிள்ளை என்று அழைத்து மீட்டுவந்தார். பிரிவு தாங்காமல் பின்தொடர்ந்து வந்த அந்தப் பெண்தான் பீபி நாச்சியார். இன்றும் செல்வப்பிள்ளையின் திருவடியில் அவருக்கு இடமுண்டு.

ராமானுஜரின் காலம் 1017 முதல் 1137 வரை. தில்லியில் சுல்தான்களின் ஆட்சி தொடங்கியதோ 1206இல். காலக்கணக்கு இடிக்கத்தான் செய்கிறது. ஆனால் கையில் எடுத்துக் கொஞ்சிய உருவத்தைக் குழந்தை லேசில் விடாது என்பதை இந்த வரலாற்றைச் சொன்னவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். அதே உண்மையை வைத்துத்தான் இருபதாம் நூற்றாண்டில் ஒரு பெருந்தொழில் எழுந்தது. எந்தக் கார்ட்டூன் நாயகன் வாழ வேண்டும், எவன் சாக வேண்டும் என்பதைப் பொம்மைக் கடையின் கல்லாப்பெட்டி முடிவு செய்யத் தொடங்கியது.

ஜப்பானில் நடந்ததைக் கேளுங்கள். 1979 ஏப்ரல் 7 அன்று நகோயா தொலைக்காட்சியில் ‘மொபைல் சூட் கண்டம்’ தொடங்கியது. இயக்குநர் தோமினோ யோஷியுகி. மாபெரும் இயந்திர மனிதர்களின் கதைதான், ஆனால் போரில் பிள்ளைகள் படும் துயரத்தை நேர்மையாகச் சொன்ன கதை. செலவுக்குப் பணம் தந்த விளம்பரதாரர் க்ளோவர் என்ற பொம்மைக் கம்பெனி. சின்னப் பிள்ளைகளுக்காக அவர்கள் செய்த பொம்மைகள் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. தொடரை ரசித்தவர்களோ வயதில் மூத்த மாணவர்கள். 52 வாரங்களுக்குத் திட்டமிட்ட தொடரை 43 வாரங்களில், 1980 ஜனவரி 26 அன்று முடித்துவிட்டார்கள். கதையில் குறையில்லை. சரக்கு நகரவில்லை, அவ்வளவுதான்.

அதே ஆண்டு ஜூலையில் பண்டாய் நிறுவனம் இன்னொரு வழியைப் பிடித்தது. துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் பாகங்களை நாமே பொருத்திக்கொள்ளும் கண்டம் மாடல், விலை 300 யென். உண்மையான ரசிகர்களின் கைக்கு ஏற்ற பொருள் அது. அதற்காகக் கடை வாசலில் கூட்டம் நெரிந்தது. 1981இலும் 1982இலும் திரைப்படங்கள் வந்தன. க்ளோவர் 1983இல் திவாலானது. கண்டமோ இன்றுவரை புதுப்புதுத் தொடர்களாக வந்துகொண்டிருக்கிறது. பொம்மையால் செத்த கதைக்குப் பொம்மையே உயிர் கொடுத்தது.

அமெரிக்காவில் இது தலைகீழாகவே நடந்தது. அங்கே 1982இல் மேட்டல் கம்பெனியின் ஹீ-மேன் பொம்மை முதலில் வந்தது, கார்ட்டூன் தொடர் 1983இல்தான் வந்தது. நம் ஊரில் தூர்தர்ஷனில் அதைப் பார்த்து வாள் தூக்கிய தலைமுறை இதை அறிந்திருக்காது. 1986இல் வந்த ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ படத்தில் நாயகன் ஆப்டிமஸ் பிரைமையே கொன்றார்கள். பழைய பொம்மைகளை நிறுத்திவிட்டுப் புதியவற்றுக்கு இடம் தர வேண்டும் என்பதே காரணம். திரையரங்கில் பிள்ளைகள் அழுதார்கள், பெற்றோர் கொதித்தார்கள், 1987இல் தொடரில் அவனை மீண்டும் உயிர்ப்பித்தார்கள். ஒரு பிள்ளையின் அன்பைச் சரக்கு இருப்பாக மட்டும் பார்த்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை.

இந்தியாவில் இந்தக் கணக்கைச் சரியாகப் புரிந்துகொண்டவர் ஐதராபாத்தின் ராஜீவ் சிலகா. அவருடைய க்ரீன் கோல்ட் நிறுவனம் உருவாக்கிய சோட்டா பீம் 2008இல் போகோ சேனலில் வந்தான். பள்ளிப் பை, டிபன் பாக்ஸ், பொம்மை என்று எல்லாவற்றிலும் பீம் ஏறினான். அவற்றை விற்கச் சொந்தக் கடைகளையும் நிறுவனம் திறந்தது. 2019இல் அவன் குழந்தை வடிவில் நெட்ஃபிளிக்ஸுக்கும் போனான்.

மீண்டும் மேல்கோட்டைக்கே வருவோம். பெங்களூரிலிருந்து மண்டியா வழியாகப் பழைய சாலையில் அங்கே வருபவர்கள் மரப்பொம்மைகளுக்குப் பெயர்போன சன்னபட்டணத்தைக் கடந்துதான் வருகிறார்கள். சன்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராயும் சூட்டில் நிறம் உருகி மரத்தில் படியும். பிறகு தாழை ஓலையால் தேய்த்தால் பளபளக்கும். திப்பு சுல்தான் காலத்தில் வேரூன்றிய தொழில் என்பது ஊர் வழக்கு. புவிசார் குறியீடும் உண்டு. கையில் இத்தனை திறமை இருந்தும், பிள்ளைகள் பெயர் சொல்லிக் கேட்கும் ஒரு நாயகன் அந்தப் பொம்மைகளுக்கு வாய்க்கவில்லை. பிளாஸ்டிக் சரக்கோடு அவை போட்டியிட்டுத் திணறுவதற்கு விலை ஒரு காரணம் என்றால், இது இன்னொரு காரணம் என்பேன்.

நம் அனிமேஷன் நிறுவனங்கள் தங்கள் நாயகர்களுக்கான உரிமத்தில் ஒரு பங்கையாவது சன்னபட்டணத்துக் கடைசல்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும். வாசகர்களே, அடுத்த முறை அந்தச் சாலையில் போகும்போது வண்டியை நிறுத்தி, உங்கள் பிள்ளைக்கு ஒரு மரப்பொம்மை வாங்கிக் கொடுங்கள். அதற்கொரு பெயரும் கதையும் சொல்லிக் கொடுங்கள்.