திஸ்வாடித் தீவின் தேவாலயங்களும் தச்சர் உளியும்



போடிமெட்டுச் சரிவில் வாழும் நம் தச்சர் குலத்தார்க்கு ஓர் இயல்புண்டு. கட்டையொன்று முன்றிலில் வந்து இறங்கியதும், 'வைரம் பாய்ந்ததா?' என்றே முதலில் வினவுவர். தேருக்கா, நிலைக்கதவுக்கா, எவர் வீட்டுக்கு என்பனவெல்லாம் பிற்பட்ட வினாக்கள். அத்தகைய கைகள் கடல் கடந்து வந்த சமயமொன்றன் கோயிலில் யாது செய்தன என்பதை ஈண்டு ஆராய்வாம்.

கோவா நாட்டில் மாண்டவி, சுவாரி என்னும் ஆறுகளால் சூழப்பெற்ற தீவு திஸ்வாடி. முப்பது ஊர்களை உடையதாதலின் அப்பெயர் பெற்றது. 1510-இல் போர்த்துக்கீசியர் அதனைக் கைக்கொண்டனர். ஆங்குள்ள பழைய கோவா நகரில், 1594-இல் தொடங்கி 1605-இல் நிறைவெய்தியது போம் ஜேசு தேவாலயம். 1542 முதல் நம் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே உழைத்த சவேரியாரின் உடல் அங்கே வைக்கப்பட்டிருத்தலின், தமிழர் பலர் சென்று வணங்கி மீள்வர். பிரசங்க பீடத்தை உற்று நோக்குவோர் மிகச் சிலரே.

அப்பீடம் மரத்தால் ஆயது. அதன் பக்கங்களில் இயேசுவும், நற்செய்தி வரைந்த நால்வரும், திருச்சபையின் பேராசிரியர் நால்வரும் செதுக்கப்பட்டுளர். அடியிலோ, எழுவர் அதனைத் தாங்கி நிற்பர்! நம் கோயில்களில் கூரை விளிம்பைத் தாங்கும் பூதகணங்களைக் கண்டு வளர்ந்தவர்க்கு இவ்வெழுவர் அயலாராகத் தோன்றார். கோவாவின் வேறு பல பீடங்களில் இடைக்கு மேல் பெண்ணும் கீழே அரவுமாகிய நாக கன்னியர் இச்சுமையைத் தாங்குகின்றனர். பலிபீடத்தின் பின்னே தங்க ரேக்கு ஒட்டி எழும் மரவேலைப்பாட்டின் கொடிக்கருக்கும் நமக்குப் பழகியதே.

இவற்றைச் செதுக்கியவர் யாவர்? விடை ஒரு தடைச் சட்டத்தில் உளது. 1567-இல் கோவாவில் கூடிய குருமார் பேரவை, கிறிஸ்தவரல்லாதார் கையில் திருவுருவ வேலையை ஒப்புவித்தல் கூடாதென விதித்தது. நடவாத ஒன்றைத் தடுப்பார் உண்டோ? இந்துத் தச்சரும் ஓவியரும் அவ்வேலையில் இருந்தனர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. மதம் மாறிய தச்சரும் செதுக்கினர். ஆயினும் ஞானஸ்நானத்தால் பெயர் மாறுமன்றி, கைப்பழக்கம் மாறுமோ? இன்றும் அந்நாட்டுத் தச்சரும் கொல்லரும் 'சாரி' என்னும் பட்டம் தாங்குதல் நம்மவர்க்கு உவகை தருவதாம்.

நிற்க. நாக கன்னியரை வைத்தமை தம் பழந்தெய்வத்தை மறைவாக வழிபட்ட சூழ்ச்சியே எனக் கூறுவாரும் உளர். யான் உடன்படேன். ஐரோப்பியரிடத்தும் மீன்வால் மகளிர் உருவம் உண்டு. பாதிரியார் காட்டிய படத்தில் அதனைக் கண்ட தச்சன், தானறிந்த நாகமாக அதனை உளியால் மொழிபெயர்த்தனன் என்பதே பொருந்தும். தந்தத்தில் செய்த குழந்தை இயேசு ஆயனாகப் பாறைமேல் கண்மூடிக் கால்மடக்கி அமர்ந்திருக்கும் கோலம் புத்தர் பிரானை நினைப்பூட்டுவதும் இவ்வாறே ஆகலாம்.

அத்தேவாலயங்களின் கற்பலகைகளில் பொருளீந்தோரும் குருமாரும் பெயர் பெற்றுள்ளனர். உளி பிடித்தவன் பெயரைப் பீடத்தின் மேலும் காணோம், கீழும் காணோம். நம் ஊர்த் தேர்களிலும் எத்தனையில் அதனைக் காண்கின்றோம்? கோவா செல்லும் அன்பர்கள், 1606-இல் தொடங்கிய சந்த மோனிக்கா மடத்துள் அமைந்த கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகத்தையும் கண்டு வருக. தொழில் பயிலும் சிறுவரை உடன் அழைத்துச் செல்லுதல் நலம்.