மோட்டார் இன்சூரன்ஸும் நம்ம டவுன்ஷிப் பிள்ளைகளும்

கொஞ்சம் நீளமான பதிவு. பள்ளிப் பிள்ளை கையில் வண்டிச் சாவி கொடுக்கும் பெற்றோர் மட்டுமாவது பொறுமையாகப் படிக்கவும்.

அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன் போனில் புலம்பினான். அவன் பெண்ணுக்கு 16 முடிந்து லைசென்ஸ் வந்ததாம். அவள் பெயரைச் சேர்த்ததும் கார் இன்சூரன்ஸ் கட்டணம் எகிறிவிட்டது. "நம்ம ஊர்ல இந்தத் தொல்லை இல்லையே மாமா" என்றான். உண்மைதான். இங்கே தேர்டு பார்ட்டி பிரீமியம் ஓட்டுபவரின் வயதைப் பார்ப்பதில்லை, வண்டியின் சிசியைப் பார்க்கிறது. ஏன் என்று தெரிய கொஞ்சம் வரலாறு வேண்டும்.

பிரிட்டன் 1930-ல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் போட்டு, மூன்றாம் நபருக்கான இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கியது. அதன் சாயலில் நமக்கு 1939 மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. ஆனால் இன்சூரன்ஸ் பகுதி மட்டும் 1946 ஜூலை 1-ல்தான் அமலானது. பிறகு 1973 ஜனவரி 1 முதல் பொதுக் காப்பீடு முழுவதும் அரசுடைமை. நான்கு கம்பெனிகள், அதில் யுனைடெட் இந்தியாவுக்குத் தலைமையகம் நம் சென்னை. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒரே விலைப்பட்டியல். இன்று தனியார் வந்துவிட்டாலும் தேர்டு பார்ட்டி விலையை அரசுதான் சொல்கிறது. 2022 ஜூன் பட்டியலில் 1000 சிசி வரையிலான காருக்கு 2,094 ரூபாய், அதற்கு மேல் 1500 சிசி வரை 3,416, 75 முதல் 150 சிசி வரை உள்ள டூவீலருக்கு 714. ஐம்பது வயது அப்பா ஓட்டினாலும் அதே காசுதான்.

அப்படியானால் நமக்கு லாபமா? அவசரப்பட வேண்டாம்.

1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. ஷிப்டுக்கு சைக்கிளில் போன ஊர் மெல்ல மொபெட்டுக்கு மாறியது. 1989 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய மோட்டார் வாகனச் சட்டம், வண்டி ஓட்ட 18 வயது என்றது. கியர் இல்லாத டூவீலருக்கு மட்டும் 16 போதும் என்றது. 1994 திருத்தம் அந்தச் சலுகையை 50 சிசிக்குள் சுருக்கியது. இதைத்தான் நம்மில் பலர் கவனிக்கவே இல்லை! இன்று கடையில் விற்கும் ஸ்கூட்டர்கள் 110, 125 சிசி. கியர் இல்லையே என்று 16 வயதுப் பிள்ளையிடம் கொடுத்தால், அவன் கையில் 16 வயது லைசென்ஸ் இருந்தாலும் அந்த வண்டிக்கு அது செல்லாது.

செல்லாத லைசென்ஸோடு விபத்து நடந்தால் சொந்த வண்டிச் சேதத்துக்குக் கம்பெனி பணம் தராது. அடிபட்டவருக்கு? 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி காட்டியது: வண்டி உரிமையாளர் தெரிந்தே விதியை மீறியிருந்தாலும், முதலில் கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயம் சொல்லலாம். மாதக் கணக்கில் பிரீமியமாகப் போக வேண்டிய பணம், லட்சக் கணக்கில் ஒரே நோட்டீஸாக அப்பா பெயருக்கு வரும். சம்பளக்காரர் குடும்பத்துக்கு எது சுலபம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இடையில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. கோவை எலும்பு முறிவு மருத்துவர் ராஜசேகரன், சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல் உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கின் உத்தரவால்தான் 2018 செப்டம்பர் முதல் புது காருக்கு மூன்று வருடம், டூவீலருக்கு ஐந்து வருடம் என்று தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸை மொத்தமாகக் கட்டுகிறோம். தமிழர் என்பதற்காகச் சொல்லவில்லை; சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.

2019 செப்டம்பர் 1-ல் 199ஏ பிரிவு வந்தது. சிறுவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு, அல்லது வண்டிக்காரருக்கு, மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். தனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க முழு முயற்சி எடுத்ததாகவோ அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. காலேஜ் முடித்து வேலைக்குப் போகும் வயதிலும் பஸ்தான்.

"சார், இது கம்பெனி ரோடு, ஆர்ச் கேட் தாண்டினால்தானே சட்டம்?" என்று ஒரு பெற்றோர் என்னிடம் கேட்டார். பொது இடம் என்றால் என்ன என்று அதே சட்டம் சொல்கிறது: பொதுமக்கள் போய்வர உரிமையுள்ள எந்தச் சாலையும். ரோடு போட்டது யார் என்று அது கேட்கவில்லை. மெயின் பஜாருக்கு மந்தாரக்குப்பத்துக்காரரும் வருகிறார், வடலூர்க்காரரும் வருகிறார்.