மேற்பார்வைக்கு எத்தனை மணி?

கொத்தனார் எழுப்பிய சுவரை அளந்து கூலி நிர்ணயிக்கலாம். அவருக்குப் பக்கத்தில் நின்ற மேஸ்திரியின் உழைப்பை அளக்க எந்த முழக்கோலும் உதவாது. சாஃப்ட்வேர்த் தொழில் தோன்றிய நாள் முதலாகவே, நிரல் எழுதுகிறவர்களுக்கு எத்தனை நாள் ஆகும் என்று உத்தேசிக்கும் சாஸ்திரம் ஒரு பக்கம் வளர்ந்து வர, அவர்களைக் கட்டி மேய்க்கும் ப்ராஜெக்ட் மேனேஜருக்கு எத்தனை மணி ஒதுக்குவது என்ற கேள்வி மட்டும் கணக்குத் தாளின் கடைசி வரியில் ஒதுங்கியே கிடந்தது.

ஐபிஎம் கம்பெனியின் சிஸ்டம்/360 யந்திரங்களுக்காக ஓஎஸ்/360 என்னும் இயக்க நிரலை ஆக்கிய பிரம்மாண்டமான முயற்சியை முன்னின்று நடத்தியவர் பிரெட் புரூக்ஸ். 1963 முதல் 1966 வரை ஏறத்தாழ 5,000 ஆள் வருஷ உழைப்பை விழுங்கி, உச்ச கட்டத்தில் ஆயிரம் பேருக்கு மேல் வேலை வாங்கிய அந்த அனுபவத்தைப் பின்னர் 1975-இல் அவர் நூலாக வெளியிட்டபோது, ஆட்கள் பெருகப் பெருக அவர்களுக்குள் நடக்க வேண்டிய சம்பாஷணைகள் அதைவிட வேகமாகப் பெருகுகின்றன என்பதை எடுத்துக்காட்டினார். பத்துப் பேர் கூடினால் 45 ஜோடி. ஐம்பது பேர் கூடினால் 1,225 ஜோடி. அதே நூலில், ஹார்லன் மில்ஸ் என்பவரின் யோசனையைத் தழுவி, அறுவை சிகிச்சைக் குழுவைப் போல் தலைவர் ஒருவரையும் சேர்த்துப் பத்துப் பேர் அமையும் ஏற்பாட்டை விவரிக்கையில், பணம், ஆள், இடம் முதலியவற்றைக் கவனிக்கும் நிர்வாகி ஒருவரே இத்தகைய இரண்டு குழுக்களுக்குப் போதும் என்றும் எழுதினார். குழுவுக்கு அரை ஆள்: நிர்வாகத்தின் பிரயாசைக்கு இவ்வளவு வெளிப்படையாக ஓர் அளவு கூறப்பட்டது அக்காலத்தில் அபூர்வமே.

ஆனால் தொழில் அந்த வழியில் செல்லவில்லை. டிஆர்டபிள்யூ நிறுவனத்தில் பணியாற்றிய பாரி போம், 63 திட்டங்களின் விவரங்களை ஆதாரமாகக் கொண்டு 1981-இல் வெளியிட்ட கோகோமோ என்னும் கணித மாதிரி, நிரலின் வரிகளை எண்ணிக் கொடுத்தால் ஆள் மாதங்களைக் கணக்கிட்டுத் தந்தது. மாதம் என்பது 152 மணி. அந்த ஆள் மாதங்களுக்குள் மேனேஜரின் உழைப்பும் அடக்கம். மேலதிகாரிகளும், காரியதரிசிகளும், கட்டடத்தைப் பெருக்குகிறவர்களும் அடங்கமாட்டார்கள் என்று அவர் நுணுக்கமாக வரம்பு கட்டினார். எளிய வகைத் திட்டம் ஒன்றில் 32,000 வரிகள் எழுத வேண்டுமானால், சூத்திரம் சொல்லும் விடை 91 ஆள் மாதம். மேனேஜருக்குப் பத்துச் சதவீதம் என்று கம்பெனிகளில் வழங்கிய விகிதாசாரத்தை இதில் பொருத்தினால் அவருக்குக் கிடைப்பது ஒன்பது மாதம். அதே கணித மாதிரி இத்திட்டம் முடிவதற்கு 14 மாதம் ஆகும் என்றும் சொல்கிறது. மீதி ஐந்து மாதம் மேனேஜர் எங்கே போய் உட்கார்ந்திருப்பார்? மேற்பார்வை என்பது வேலையின் அளவைவிடக் காலத்தின் நீளத்தைத் தொடர்ந்தே செல்கிறது என்ற உண்மை இந்த எளிய வகுத்தலிலேயே வெளிப்பட்டும், சதவீதக் கணக்கு தன் ஸ்தானத்தை விட்டு இறங்கவில்லை. சென்னைத் தரமணியில் 2000-ஆம் ஆண்டு டைடல் பார்க் என்னும் சாஃப்ட்வேர் வளாகம் திறக்கப்பட்ட காலத்தில், கடல் கடந்த வாடிக்கையாளருக்கு அனுப்பும் உத்தேசப் பட்டியல்களிலும் அந்தச் சதவீதத்தின் ஒற்றை வரி தவறாமல் இடம் பெறுவது வழக்கமாயிருந்தது.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில், யூட்டா மாநிலத்துப் பனிமலை விடுதி ஒன்றில் பதினேழு பேர் கூடி, மாறுதலுக்கு ஏற்பச் சுறுசுறுப்பாகச் சாஃப்ட்வேர் ஆக்குவது பற்றிய அஜைல் பிரகடனத்தை வெளியிட்டனர். ஆயினும் மேனேஜரின் வேலையைப் பிரித்துப் பலர் தலையில் ஏற்றும் காரியம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கிரைஸ்லர் மோட்டார் கம்பெனியின் சம்பளப் பட்டியலுக்கான கணினித் திட்டத்துக்கு 1996-இல் அழைக்கப்பட்ட கென்ட் பெக் அங்கே உருவாக்கிய முறையில், ஒருவர் பயிற்சியாளர், மற்றொருவர் ஒவ்வொருவரிடமும் போய் எவ்வளவு முடிந்தது, எவ்வளவு பாக்கி என்று கேட்டுக் குறிப்பவர், மேலே முதலாளி. ஒரு நாற்காலியில் அமர்ந்திருந்த உத்தியோகம் மூன்று நாற்காலிகளில் பரவியது.

அங்கே இன்னொன்றும் நிகழ்ந்தது. குறுக்கீடு ஏதுமில்லாமல் வேலை செய்தால் எத்தனை நாள் ஆகும் என்று நிரலாளரைக் கேட்டு, அவர் சொன்னதை ஒரு பெருக்கு எண்ணால் பெருக்கினார்கள். அது மூன்றை ஒட்டியே நின்றது. ஒரு நாள் வேலைக்கு மூன்று நாளா என்று கேட்ட மேலதிகாரிகளுக்கு விளக்கம் சொல்லிச் சலித்த பின், நாள் என்ற பெயரையே விட்டுவிட்டுப் பாயிண்ட் என்று எண்ணத் தலைப்பட்டதாக அந்தக் குழுவில் இருந்த ரான் ஜெஃப்ரீஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். தாமே அதற்கு மூலபுருஷராயிருந்தால் அதற்காக வருந்துவதாகவும் எழுதினார். அவருடைய வருத்தம் வேறு காரணங்களைப் பற்றியது. என் குறை இது: அந்த மூன்றுக்குள்ளேதான் கூட்டங்களும், விசாரணைகளும், ஒருங்கிணைப்பும் ஒளிந்திருந்தன, பாயிண்ட் வந்ததும் அவை கண்ணுக்கே தெரியாமல் போயின.

ஜெஃப் சதர்லேண்டும் கென் ஷ்வேபரும் 1995-இல் ஒரு மாநாட்டில் முன்வைத்த ஸ்க்ரம் என்னும் அஜைல் முறையில் ப்ராஜெக்ட் மேனேஜர் என்ற பதவியே கிடையாது. அதே ஷ்வேபர் 2004-இல் எழுதிய நூலின் தலைப்பில் மட்டும் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இடம்பெற்றிருப்பது சிறு வேடிக்கை. பதவி போனாலும் மணிகள் போகவில்லை. ஸ்பிரிண்ட் என்னும் வேலைச் சுற்று ஒரு மாதமானால், அதற்குத் திட்டமிட அதிகபட்சம் எட்டு மணி, முடிவில் பரிசீலனைக்கு நான்கு, பின்னோக்கிப் பார்க்க மூன்று, தினமும் பதினைந்து நிமிஷம் என்று ஸ்க்ரம் விதிகள் வரையறுக்கின்றன. இருபது வேலை நாட்களுக்குக் கூட்டினால் இருபது மணி. மாதத்தின் 160 மணியில் எட்டில் ஒரு பங்கு. பழைய சதவீதத்துக்கு இது அதிக தூரமில்லை. ஆனால் இப்போது அதைச் செலவிடுவது ஒரு மேனேஜர் அல்ல, குழுவில் உள்ள ஒவ்வொருவரும்.

ஆகவே அஜைல் திட்டத்துக்கு உத்தேசம் போடுகிறவர்களில் விவரமறிந்தவர்கள் பாயிண்டுகளைத் தொடாமல், ஸ்பிரிண்டுகளை எண்ணுகிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்றாகப் பத்து ஸ்பிரிண்ட், குழுவில் ஸ்க்ரம் முறையைப் பேணும் ஸ்க்ரம் மாஸ்டர் பாதி நேரம் என்றால், இருபது வாரத்தில் பத்து ஆள் வாரம். குழுவில் ஐவர் இருந்தாலும் எண்மர் இருந்தாலும் இந்தத் தொகை பெரிதாக அசைவதில்லை, வாடிக்கையாளர் பாதி அம்சங்களை நீக்கிவிட்டாலும் தேதி மாறாதவரை குறைவதில்லை. ஒப்பந்தம், விலைப்பட்டியல், பிற குழுக்களோடு வெளியீட்டுத் தேதியைப் பொருத்துதல், கோபமாயிருக்கும் வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்துதல் ஆகியவற்றுக்கு ஸ்க்ரமின் எந்தக் கூட்டத்திலும் இடமில்லை. அவற்றுக்கான மணிகளைத் தனி வரியாக எழுதி, எதிரே, ஸ்க்ரமில் இல்லாத அந்தப் பழைய பதவியின் பெயரையே இன்னும் குறிக்கிறார்கள்.